கோதிக் பேராலயங்களின் வடிவியலும் உயரப் போட்டியும்

கோதிக் பேராலயங்கள் என்பவை 12-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 16-ஆம் நூற்றாண்டு வரை மேற்கு ஐரோப்பாவில் கல்லால் கட்டப்பட்ட பெரிய கிறித்தவ ஆலயங்கள் ஆகும். ஆயரின் இருக்கை அமைந்துள்ள ஆலயமே பேராலயம் எனப்படும். கூர்முனை வளைவு, விலாக்களால் தாங்கப்படும் வளைகூரை, சுவருக்கு வெளியே நிற்கும் பறக்கும் உதைகால், பெரிய வண்ணக் கண்ணாடிச் சன்னல் ஆகிய நான்கும் இக்கட்டிடங்களின் முக்கிய அடையாளங்கள்.

ஒரு தூணின் மீது எவ்வளவு விசை விழும், ஒரு சுவர் எவ்வளவு உந்துதலைத் தாங்கும் என்று கணக்கிடும் இயற்பியல் அக்காலத்தில் இல்லை. தலைமைக் கல்தச்சர்களிடம் கவராயம், மூலைமட்டம், அளவுகோல், கயிறு, தூக்குக்குண்டு ஆகிய கருவிகள் இருந்தன. குருவிடமிருந்து சீடனுக்கு வந்த வடிவியல் விதிகளும் இருந்தன. இவற்றை மட்டும் கொண்டு அவர்கள் 40 மீட்டருக்கும் மேல் கற்கூரைகளை எழுப்பினர். நகரங்களுக்கிடையே நிலவிய போட்டி அவ்விதிகளை அவற்றின் எல்லைக்கே கொண்டு சென்றது. அந்த எல்லை எங்கே இருந்தது என்பதைப் பிரான்சின் போவே நகரில் நிகழ்ந்த இடிவும், இத்தாலியின் மிலான் நகரில் நடந்த விவாதமும் காட்டுகின்றன.

தோற்றம்

பாரிசுக்கு வடக்கே உள்ள சான் டெனி மடாலயம் பிரெஞ்சு அரசர்கள் அடக்கம் செய்யப்பட்ட இடம். அதன் தலைவரான சுஜேர், ஆலயத்தின் கிழக்குப் பகுதியை 1140-க்கும் 1144-க்கும் இடையில் புதிதாகக் கட்டினார். கூர்முனை வளைவும் விலாக் கூரையும் அதற்கு முன்பே தனித்தனியாகப் பல இடங்களில் இருந்தன. சான் டெனியில் இரண்டும் சேர்ந்து, தடித்த சுவர்களுக்குப் பதிலாக மெல்லிய தூண்களும் அகன்ற சன்னல்களும் கொண்ட ஓர் உள்வெளியை உருவாக்கின. 1144 ஜூன் 11 அன்று நடந்த அர்ச்சிப்பு விழாவில் அரசர் ஏழாம் லூயியும் பல ஆயர்களும் கலந்துகொண்டனர். அடுத்த சில பத்தாண்டுகளில் வடபிரான்சின் பல நகரங்களில் இப்புதிய முறையில் பேராலயங்கள் எழத் தொடங்கின.

'கோதிக்' என்ற பெயர் இக்கட்டிடங்களைக் கட்டியவர்கள் வைத்ததன்று. கோத்துகள் என்ற பழைய இனக்குழுவுக்கும் இக்கலைக்கும் தொடர்பில்லை. 16-ஆம் நூற்றாண்டில் வசாரி முதலிய இத்தாலிய எழுத்தாளர்கள், ரோமானிய மரபைச் சாராத இப்பாணியை நாகரிகமற்றது என இகழும் பொருளில் கோத்துகளோடு இணைத்துப் பேசினர். பின்னர் இகழ்ச்சி மறைந்து பெயர் மட்டும் நிலைத்தது.

கூர்முனை வளைவின் வடிவியல்

அரைவட்ட வளைவில் அகலமும் உயரமும் பிரிக்க முடியாதபடி இணைந்தவை. வளைவின் உயரம் எப்போதும் அகலத்தில் பாதியாகவே இருக்கும். இது கட்டுமானத்தில் ஒரு சிக்கலை ஏற்படுத்துகிறது.

6 மீட்டர் அகலமும் 8 மீட்டர் நீளமும் உள்ள ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகளிலும் தூண்கள் நிற்பதாகக் கொள்வோம். பித்தகோரசு தேற்றப்படி அதன் மூலைவிட்டம் 10 மீட்டர். பக்கங்களின் மீதும் மூலைவிட்டத்தின் மீதும் அரைவட்ட வளைவுகளை அமைத்தால் அவற்றின் உயரங்கள் முறையே 3, 4, 5 மீட்டர் ஆகும். மூன்று வளைவுகளும் மூன்று உயரங்களில் முடிவதால் அவற்றின் மீது சீரான கூரை அமைப்பது கடினம்.

கூர்முனை வளைவு இரண்டு வட்ட வில்கள் உச்சியில் சந்திப்பதால் உருவாவது. வில்களின் மையங்களை நெருக்கியோ விலக்கியோ வைப்பதன் மூலம், அகலத்தை மாற்றாமலேயே உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். எனவே மேற்கண்ட செவ்வகத்தில் 6 மீட்டர், 8 மீட்டர் பக்கங்களின் மீதும் 5 மீட்டர் உயரமுள்ள கூர்முனை வளைவுகளை அமைத்து, எல்லா உச்சிகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர முடியும். தரைப்படம் சதுரமாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இதனால் நீங்கியது.

இவ்வளைவின் மிக எளிய வடிவம் சமபக்க வளைவு. வளைவின் ஒரு காலில் கவராயத்தின் முனையை ஊன்றி, மறு கால் வரையுள்ள தூரத்தையே ஆரமாகக் கொண்டு ஒரு வில் வரைய வேண்டும். பின்னர் மறு காலில் ஊன்றி அதே ஆரத்தில் இன்னொரு வில் வரைய வேண்டும். இரண்டும் வெட்டும் புள்ளியே உச்சி. இரு கால்களும் உச்சியும் சேர்ந்து ஒரு சமபக்க முக்கோணம் ஆகின்றன. இதன் உயரம் அகலத்தில் ஏறத்தாழ 0.866 பங்கு.

மற்றொரு பயனும் உண்டு. எந்த வளைவும் தன் கால்களைப் பக்கவாட்டில் வெளியே தள்ளும். அகலமும் சுமையும் மாறாதிருக்க, வளைவின் உயரம் கூடினால் இந்தப் பக்கவாட்டு உந்துதல் குறையும். ஆகவே கூர்முனை வளைவைத் தாங்கும் சுவர் அரைவட்ட வளைவைத் தாங்கும் சுவரைவிட மெல்லியதாக இருக்கலாம். ஆனால் உந்துதல் குறைகிறதே தவிர முற்றிலும் மறைவதில்லை. இந்த வேறுபாடு பின்னர் மிலானில் பெரிய விவாதத்துக்குக் காரணமாயிற்று.

எஞ்சிய உந்துதலைச் சுமக்கவே பறக்கும் உதைகால் உருவானது. நடுக்கூடத்தின் உயர்ந்த சுவரிலிருந்து ஒரு பாதி வளைவு, பக்கக்கூடத்தின் கூரையைத் தாண்டிச் சென்று, வெளியே நிற்கும் கனமான உதைசுவரில் முடிகிறது. கூரையின் உந்துதல் அவ்வழியே வெளியேறித் தரையில் இறங்குகிறது. சுமையிலிருந்து விடுபட்ட சுவரைத் திறந்து அங்கே வண்ணக் கண்ணாடி பொருத்தினர். உதைசுவரின் உச்சியில் உள்ள கூம்பு வடிவச் சிறு கோபுரங்கள் அழகுக்கு மட்டும் வைக்கப்பட்டவை அல்ல. அவற்றின் எடை உதைசுவரைக் கீழ்நோக்கி அழுத்தி, அதன் மேற்பகுதிக் கற்கள் நழுவாமல் இருக்க உதவுகிறது.

தரைப்படத்திலிருந்து உயரம் காணுதல்

இடைக்காலக் கல்தச்சர்களின் முதன்மையான திறமை, ஒரே ஓர் அளவிலிருந்து கட்டிடத்தின் மற்ற அளவுகளைக் கவராயத்தால் பெறுவதாகும். ஊருக்கு ஊர் அடியின் நீளம் மாறிய காலம் அது. எண்களைவிட விகிதங்களே நம்பத்தக்கவையாக இருந்தன. இரண்டு முறைகள் பெரிதும் பயன்பட்டன.

முதலாவது சதுர முறை. ஒரு சதுரத்தின் நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைத்தால் உள்ளே 45 பாகை திரும்பிய இன்னொரு சதுரம் கிடைக்கும். அதன் பரப்பு வெளிச் சதுரத்தின் பரப்பில் சரிபாதி. அதற்குள் மீண்டும் அவ்வாறே செய்தால், மூன்றாம் சதுரத்தின் பக்கம் முதல் சதுரத்தின் பக்கத்தில் பாதியாக இருக்கும். முதல் சதுரத்தின் பக்கம் 12 அடி எனில் மூன்றாவதன் பக்கம் 6 அடி. இடையிலுள்ள சதுரத்தின் பக்கம் 12-ஐ 2-இன் வர்க்கமூலத்தால் வகுத்துக் கிடைப்பது, அதாவது ஏறத்தாழ 8.49 அடி. இதைக் கணக்கிட வர்க்கமூலம் தெரிந்திருக்கத் தேவையில்லை. கயிறும் கவராயமும் போதும். கோபுரம் மேலே செல்லச் செல்ல ஒவ்வொரு நிலையிலும் எவ்வளவு குறுக வேண்டும் என்பதை இவ்வாறு முடிவு செய்தனர்.

இரண்டாவது முக்கோண முறை. ஆலயத்தின் முழு அகலத்தையும் அடிப்பக்கமாகக் கொண்டு ஒரு சமபக்க முக்கோணம் வரைந்து, அதன் உச்சியைக் கூரையின் உயரமாகக் கொள்வது இம்முறை.

1459-ஆம் ஆண்டு செருமனியின் ரேகன்ஸ்புர்க் நகரில் கூடிய கல்தச்சர் சங்கத்தினர், தரைப்படத்திலிருந்து நிலைப்படத்தை வரையும் முறையைத் தம் தொழிலைச் சேராத எவருக்கும் கற்பிக்கக் கூடாது என விதித்தனர். ஆனால் 1486-இல் அதே நகரின் தலைமைக் கல்தச்சர் மத்தேயுஸ் ரோரிட்சர், சிறு கூம்புக் கோபுரம் ஒன்றைச் சதுர முறையில் வடிவமைக்கும் வழியைப் படிப்படியாக விளக்கி ஒரு சிறு நூலை அச்சிட்டு வெளியிட்டார். இம்முறைகள் இன்று உறுதியாகத் தெரிவதற்கு அந்நூல் ஒரு முக்கியக் காரணம்.

வேறு சான்றுகளும் உள்ளன. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வில்லார் தெ ஒன்னெக்கூர் என்பவரின் வரைபடத் தொகுப்பில் 33 தோல் தாள்கள் எஞ்சியுள்ளன. லான் பேராலயத்தின் கோபுரம், ரெய்ம்ஸ் பேராலயத்தின் சன்னல்கள், வடிவியல் வழிமுறைகள் எனப் பலவும் அதில் வரையப்பட்டுள்ளன. இங்கிலாந்தின் யார்க், வெல்ஸ் ஆலயங்களில், கல்தச்சர்கள் உண்மை அளவிலேயே வளைவுகளைக் கீறிப் பார்த்த சாந்துத் தரைகள் இன்றும் உள்ளன. அத்தரையில் கீறிய கோடுகளைக் கொண்டு மர வார்ப்புகள் செய்து, அவற்றின்படி கற்களைச் செதுக்கினர். 1263-இல் இறந்த கட்டடக் கலைஞர் உய்க் லிபெர்ழியேயின் கல்லறைப் பலகை ரெய்ம்ஸ் பேராலயத்தில் உள்ளது. அதில் அவர் கையில் ஆலய மாதிரியும் அளவுகோலும் இருக்க, அருகில் மூலைமட்டமும் கவராயமும் செதுக்கப்பட்டுள்ளன.

நகரங்களின் போட்டி

பேராலயம் வழிபாட்டு இடம் மட்டுமன்று. அது நகரத்தின் செல்வாக்கையும் காட்டியது. புனிதப் பொருள்களைக் காண வரும் பயணிகளால் வருமானம் கிடைத்தது. ஷார்த்ரில் கன்னி மரியாவினுடையதாக நம்பப்பட்ட ஆடையும், 1206 முதல் அமியேனில் திருமுழுக்கு யோவானுடையதாக நம்பப்பட்ட தலையும் இருந்தன. ரெய்ம்ஸ் பிரெஞ்சு அரசர்கள் முடிசூடும் இடம் என்ற பெருமையைப் பெற்றிருந்தது. அமியேனின் செல்வம் துணிக்கு நீல நிறம் தரும் ஒரு செடியின் வணிகத்திலிருந்து வந்தது. அவ்வணிகர்களின் சிற்பம் இன்றும் அப்பேராலயத்தின் வெளிச்சுவரில் உள்ளது.

வடபிரான்சின் பேராலயங்களைக் கட்டத் தொடங்கிய ஆண்டும், அவற்றின் கற்கூரை தரையிலிருந்து எழும் ஏறத்தாழ உயரமும் வருமாறு:

லான்: 1160 அளவில், 24 மீட்டர்
பாரிசு நோத்ர தாம்: 1163, 33 மீட்டர்
ஷார்த்ர்: 1194 தீவிபத்துக்குப் பின், 37 மீட்டர்
ரெய்ம்ஸ்: 1211, 38 மீட்டர்
அமியேன்: 1220, 42 மீட்டர்
போவே: 1225, 48 மீட்டர்

சுமார் 65 ஆண்டுகளில் உயரம் இரு மடங்கானது. கட்டியவர்கள் தம் நோக்கத்தை எழுதி வைத்தது குறைவு. ஆனால் ஒருவர் பணியை மற்றவர் கூர்ந்து கவனித்தார் என்பதற்கு வில்லாரின் வரைபடங்கள் சான்று. 1248-இல் செருமனியின் கொலோன் நகரில் தொடங்கிய பேராலயமும் அமியேனைப் பின்பற்றி, அதைவிடச் சற்று உயரமாக, 43 மீட்டருக்குக் கூரை எழுப்பியது.

இப்போட்டிக்கான செலவை மக்களே சுமந்தனர். ரெய்ம்சில் பேராயருக்கு எதிராக நகர மக்கள் 1233-இல் கிளர்ந்தெழுந்தனர். கட்டுமானப் பணி 1236 வரை நின்றுபோனது. இத்தாலியின் சியன்னா நகரம், இருக்கும் பேராலயத்தைக் குறுக்குக்கூடமாக மாற்றும் அளவுக்கு ஒரு மாபெரும் ஆலயத்தைக் கட்ட 1339-இல் தீர்மானித்தது. 1348-இல் பரவிய கொள்ளைநோயால் அப்பணி நின்றது. முடிவுறாத முகப்புச் சுவர் இன்றும் அங்கே தனித்து நிற்கிறது.

போவே: எல்லையைத் தாண்டிய ஆலயம்

போவேயின் பழைய ஆலயம் 1225-இல் தீக்கிரையானபின், ஆயர் மிலோன் தெ நான்தேயி புதிய பேராலயத்தைத் தொடங்கினார். பீடப்பகுதி 1272-இல் முடிந்தது. 48 மீட்டர் உயரமுள்ள அதன் கூரை கோதிக் பேராலயங்களிலேயே மிக உயர்ந்தது. 12 ஆண்டுகளே கடந்த நிலையில், 1284 நவம்பர் 29 அன்று கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

இடிவின் காரணம் பற்றி ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. தூண்களுக்கு இடையிலான தூரம் மிகுதி என்பது ஒரு கருத்து. உதைசுவர்களின் நடுத்தூண்கள் போதிய வலிமையற்று இருந்தன என்பது இன்னொன்று. உயரமான சுவர்மீது மோதிய காற்றின் விசையால் சாந்தில் விரிசல்கள் உண்டாகி, ஆண்டுக்கணக்கில் பெருகின என்றும் கூறப்படுகிறது. பழுது பார்த்தவர்கள் எடுத்த முடிவு மட்டும் இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. பழைய தூண்களுக்கு இடையில் புதிய தூண்களை நிறுத்தி இடைவெளியைப் பாதியாக்கினர். இப்பணிக்கு ஏறத்தாழ 50 ஆண்டுகள் பிடித்தன.

அதன்பின் இங்கிலாந்துடன் நூற்றாண்டுப் போர் மூண்டது. குறுக்குக்கூடத்தின் பணி 1500-இல்தான் தொடங்கி 1548-இல் முடிந்தது. எஞ்சியிருந்த பணத்தை நடுக்கூடம் கட்டச் செலவிடாமல், ஆலயத்தின் மையத்தின் மீது 153 மீட்டர் உயரக் கோபுரத்தை 1569-இல் எழுப்பினர். மேற்கே நடுக்கூடம் இல்லாததால் அத்திசையில் கோபுரத்தைத் தாங்க ஒன்றுமில்லை. 1573-இல் விண்ணேற்ற விழா நாளன்று, மக்கள் பவனியாக வெளியே சென்றிருந்தபோது கோபுரம் சரிந்தது. நடுக்கூடம் பின்னர் கட்டப்படவே இல்லை. போவே பேராலயம் இன்றும் பாதி ஆலயமாகவே நிற்கிறது. உள்ளே மரத்தாலும் இரும்பாலும் ஆன தாங்கிகள் அதற்கு முட்டுக் கொடுக்கின்றன.

மிலான்: முக்கோணமா, சதுரமா?

மிலான் பேராலயம் 1386-இல் தொடங்கப்பட்டது. உள்ளூர்க் கொத்தர்களுக்கு இவ்வளவு பெரிய கட்டிடத்தில் அனுபவம் இல்லாததால், செருமனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வல்லுநர்கள் அழைக்கப்பட்டனர். அவர்களது கருத்து மோதல்கள் ஆலயப் பணிக்குழுவின் குறிப்பேடுகளில் பதிவாகியுள்ளன. கோதிக் காலக் கட்டடக் கலைஞர்கள் நேருக்கு நேர் வாதிட்டதைக் காட்டும் அரிய ஆவணங்கள் இவை.

அங்கு நீள அலகு பிராச்சியோ. அது ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். தரைப்படத்தின் அகலம் 96 பிராச்சியோ என முடிவாகி, அடித்தளமும் இடப்பட்டுவிட்டது. உயரம் மட்டும் முடிவாகவில்லை. சமபக்க முக்கோண முறையைக் கொண்டால் உயரம் என்ன என்பதை அறிய, 1391-இல் பியாச்சென்சா நகரின் கணித அறிஞர் கப்ரியேலே ஸ்தோர்னலோக்கோ அழைக்கப்பட்டார்.

கணக்கு எளியது. 96-இன் வர்க்கம் 9216. அதில் பாதியான 48-இன் வர்க்கம் 2304. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 6912. அதன் வர்க்கமூலம் 83.138... என முடிவின்றி நீளும் விகிதமுறா எண். கல்லில் அளந்து வெட்ட அது உதவாது. எனவே ஸ்தோர்னலோக்கோ உயரத்தை 84 எனக் கொள்ளப் பரிந்துரைத்தார். 96-ஐ ஆறு பங்காக்கினால் பங்குக்கு 16. 84-ஐ ஆறு பங்காக்கினால் பங்குக்கு 14. தூண், பக்கக்கூடம், நடுக்கூடம் ஆகிய அனைத்தின் உயரங்களும் இந்த முழு எண்களிலிருந்து கிடைத்தன.

செருமனியிலிருந்து வந்த ஐன்ரிக் பார்லர் இதை ஏற்கவில்லை. சதுர முறைப்படி அகலத்துக்குச் சமமாக உயரமும் 96 பிராச்சியோ இருக்க வேண்டும் என்றார். 1392-இல் கூடிய குழு அவரது கருத்தை மறுத்தது. அதோடு நில்லாமல் உயரத்தை மேலும் குறைத்தது. முதல் 28 பிராச்சியோ வரை ஸ்தோர்னலோக்கோவின் 14 பிராச்சியோ பங்குகள். அதற்கு மேல் 3, 4, 5 என்ற பக்க விகிதமுள்ள செங்கோண முக்கோணத்தின்படி 12 பிராச்சியோ கொண்ட நான்கு பங்குகள். 28-உம் 48-உம் சேர்ந்து 76 பிராச்சியோ, அதாவது ஏறத்தாழ 45 மீட்டர். இன்றைய மிலான் பேராலய நடுக்கூடத்தின் உயரமும் இதுவே. பார்லர் பணியிலிருந்து நீக்கப்பட்டார்.

1400-இல் பாரிசிலிருந்து வந்த ழான் மிஞோ, கட்டிடம் இடிந்துவிடும் என எச்சரித்தார். உதைசுவர்களின் தடிமன் உள்தூண்களைப் போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். தம் நாட்டுப் பளிங்குக்கல் பிரான்சின் கல்லைவிட இரு மடங்கு வலிமையானது என்றும், கூர்முனை வளைவு பக்கவாட்டில் தள்ளாது என்றும் உள்ளூர் வல்லுநர்கள் பதிலளித்தனர். வடிவியல் அறிவு வேறு, கட்டும் தொழில் வேறு என்பது அவர்கள் நிலைப்பாடு. அறிவு இல்லாத தொழில் ஒன்றுமே இல்லை என்பது மிஞோவின் மறுமொழி.

கூர்முனை வளைவைப் பற்றி உள்ளூரார் கூறியது தவறு. ஆனால் கட்டிடம் இடியும் என்ற மிஞோவின் கணிப்பும் பலிக்கவில்லை. 1401-இல் அவரும் நீக்கப்பட்டார். வளைவுகளின் கால்களை இணைக்கும் இரும்புக் கம்பிகள் பொருத்தப்பட்டு, அவை பக்கவாட்டு உந்துதலைத் தாங்கிக்கொண்டன. இரு தரப்பினரிடமும் விதிகள் இருந்தன. அவ்விதிகள் ஏன் சரி என்று நிறுவும் வழி எவரிடமும் இல்லை.

வடிவியல் விதிகள் ஏன் பயன்பட்டன?

பொருளின் வலிமை அதன் அளவோடு அதே விகிதத்தில் வளர்வதில்லை என்று கலிலியோ 1638-இல் விளக்கினார். நீள, அகல, உயரங்களை இரு மடங்காக்கினால் எடை எட்டு மடங்காகும். அதைச் சுமக்கும் குறுக்குவெட்டுப் பரப்போ நான்கு மடங்குதான் ஆகும். அப்படியானால், சிறிய ஆலயத்தின் விகிதங்களைப் பெரிய ஆலயத்துக்கும் பயன்படுத்திய கல்தச்சர்கள் எவ்வாறு வெற்றி பெற்றனர்?

20-ஆம் நூற்றாண்டில் பிரித்தானியப் பொறியியலாளர் ழாக் ஹேமன் இதற்கு விடை தந்தார். பேராலயத்தின் கல் தாங்கக்கூடிய அழுத்தத்தில் மிகச் சிறு பங்கே உண்மையில் அதன்மீது விழுகிறது. எனவே கல் நொறுங்குவது அரிது. விசை செல்லும் பாதை கல்லின் தடிமனுக்கு உள்ளேயே அடங்கியிருக்கிறதா என்பதே முக்கியம். அது கட்டிடத்தின் வடிவத்தைப் பொறுத்தது, அளவைப் பொறுத்ததன்று. ஆகவே விகித விதிகள் கற்கட்டிடங்களுக்குப் பெரும்பாலும் பொருந்தின.

ஆனால் அவ்விதிகளில் அடங்காதவையும் இருந்தன. உயரத்தோடு வலுக்கும் காற்று, சீராக அமிழாத அடித்தளம், மெல்ல இறுகும் சுண்ணாம்புச் சாந்து, ஒரு பக்கத் தாங்கல் இல்லாமல் நிறுத்திய கோபுரம் ஆகியவற்றைக் கவராயத்தால் அளக்க முடியாது. போவேயின் கூரை ஏன் விழுந்தது என்று ஆராய்வோர் சுட்டும் காரணங்களில் பலவும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

பிற்காலம்

16-ஆம் நூற்றாண்டில் பணமும் ஆர்வமும் குறைந்ததால் கொலோன் பேராலயப் பணி நின்றது. ஏறத்தாழ 1280-இல் வரையப்பட்ட, 4 மீட்டருக்கும் உயரமான அதன் முகப்புப் படம் காணாமல் போய், 1814-இலும் 1816-இலும் இரு பாதிகளாகக் கண்டெடுக்கப்பட்டது. அதைப் பின்பற்றி 1842-இல் பணி மீண்டும் தொடங்கி, 157 மீட்டர் உயர இரட்டைக் கோபுரங்களுடன் 1880-இல் நிறைவுற்றது. 600 ஆண்டுகளுக்கு முன் வரைந்த படத்தைப் பிற்காலக் கல்தச்சர்களால் படித்துக் கட்ட முடிந்தது, அப்படம் தெளிவான வடிவியல் விதிகளால் அமைந்திருந்ததால்தான்.

19-ஆம் நூற்றாண்டில் கோதிக் பாணி பல நாடுகளில் மீண்டும் பரவியது. 1896-இல் கட்டி முடிக்கப்பட்ட சென்னை சாந்தோம் பேராலயம் இம்மறுமலர்ச்சிப் பாணியைச் சேர்ந்தது.

2019 ஏப்ரல் 15 அன்று பாரிசு நோத்ர தாம் பேராலயத்தில் தீப்பற்றியபோது மரக் கூரையும் கூம்புக் கோபுரமும் எரிந்து விழுந்தன. அவற்றின் அடியில் இருந்த கற்கூரை சில இடங்களில் துளைபட்டாலும் பெரும்பகுதி விழாமல் நின்றது. ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் கயிற்றாலும் கவராயத்தாலும் அளந்து அமைத்த வளைவுகள் அவை. பழுதுபார்ப்புப் பணி முடிந்து 2024 டிசம்பரில் அவ்வாலயம் மீண்டும் திறக்கப்பட்டது.